9. டியூபுலர் டயர் ஒட்டுவது: நான்கு மாலை வேலை

சாதாரண சைக்கிள் டயரின் இரண்டு ஓரங்களிலும் கம்பி ஓடும். அந்தக் கம்பி ரிம்மின் விளிம்பில் போய் மாட்டிக்கொள்ளும். டியூபில் காற்று இருக்கும்வரை டயர் இடம் பெயராது. டியூபுலரில் அந்தக் கம்பி கிடையாது. மெல்லிய துணி உறைக்குள் டியூபை வைத்து, உறையைச் சுற்றிலும் தைத்து மூடிவிடுகிறார்கள். தையல் தெரியாமல் அதன்மேல் ஒரு துணிப்பட்டை; எதிர்ப்பக்கம் சாலையைத் தொடும் ரப்பர். கையில் எடுத்தால் பெரிய சும்மாடு போலத் தொளதொளவென்று இருக்கும். இதற்கென்றே வரும் ரிம்முக்கும் விளிம்பு கிடையாது. முதுகு மட்டும் வாய்க்கால் மாதிரி லேசாகக் குழிந்திருக்கும். அந்த வாய்க்காலில் டயரை உட்காரவைத்துப் பசை போட்டு ஒட்டுகிறோம். வளைவில் நம்மைக் காப்பாற்றுவது அந்தப் பசைதான்.

அத்தியாயம் நீளமானது என்றாலும், டயரைச் சக்கரத்தில் ஏற்றுகிற வேலை பத்து நிமிடம்தான். மற்றதெல்லாம் துடைப்பது, தடவுவது, காயவிட்டுக் காத்திருப்பது. ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவருக்குத்தான் டயர் கழல்கிறது. நானும் அப்படிக் கிளம்பியவன்தான்.

முதன்முதலில் ஒட்டியபோது ரிம்முக்கு மட்டும் ஒரு கை பசை தடவி, காய்ந்தும் காயாமலும் டயரை ஏற்றி, மறுநாள் விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டேன். நேர்ச்சாலையில் ஒரு குறையும் தெரியவில்லை. வீடு திரும்பும்போது தெருமுனையில் வளைத்த இடத்தில் முன்சக்கரம் நழுவிப் போனது. நடக்கிற வேகம்தான் என்பதால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினேன். எழுந்து பார்த்தால் டயரில் பாதி ரிம்முக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வால்வின் இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குத் துணிப்பட்டை வாங்கிய அன்று இருந்த நிறம் மாறாமல் இருந்தது. பசை அங்கே தொடவே இல்லை.

என்னைவிட எத்தனையோ மடங்கு தேர்ந்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2003 ஜூலை 14, டூர் டி பிரான்ஸ், காப் நகரை நோக்கி இறங்கும் சாலை. வெயிலில் தார் இளகியிருந்தது. முன்னணியில் இருந்த ஸ்பெயின் வீரர் ஹோசபா பெலோக்கியின் பின்சக்கரம் பிரேக்கில் பூட்டிக்கொண்டு வழுக்க, டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் முறிந்தன. பின்னால் வந்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் அவர்மேல் ஏறாமலிருக்கச் சாலையை விட்டு வயலுக்குள் இறங்கி ஓட்டி மறுபக்கம் வந்து சேர்ந்தார். அந்த வயல் காட்சியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. டயர் ஒட்டுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது பெலோக்கியின் பின்சக்கரத்தை.

இது உங்களுக்குத் தேவையா?

பலருக்குத் தேவையில்லை. இன்று சாலை சைக்கிள்களில் டியூப்லெஸ் வந்துவிட்டது; சாதாரண டயரும் முன்பைவிட எவ்வளவோ தேறிவிட்டது. பஞ்சர் ஆனால் டியூபை மாற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பலாம். அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கும் டியூபுலர் வாங்குவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாற்று நடப்பது மாதிரி.

ஆனாலும் சிலருக்கு இந்த வேலை வந்தே தீரும். சைக்கிள் பந்தயத் தடமான வெலோட்ரோமில் ஓட்டுகிறவர்கள், சேற்றிலும் மணலிலும் ஓடும் சைக்ளோகிராஸ் பிரியர்கள், பழைய பந்தயச் சைக்கிளை அதன் இயல்பு கெடாமல் வைத்திருக்க நினைப்பவர்கள், டியூபுலர் சக்கரம் என்று தெரியாமலே மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவிட்டவர்கள். கடைசி வகையினர்தான் என்னிடம் அதிகம் தொலைபேசியில் பேசுகிறவர்கள். ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் என்ற வெலோட்ரோம் பந்தயங்களில் பெரும்பாலான வீரர்கள் இன்றும் இரும்புச் சட்டகமும் டியூபுலர் டயரும்தான் ஓட்டுகிறார்கள்.

லாபம் என்ன என்றால், விளிம்பு வேண்டாத ரிம் எடை குறைவாக இருக்கும். குழியில் இறங்கினால் ரிம் விளிம்புக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரட்டைக் கடி விழுவது டியூபுலரில் அபூர்வம். நன்றாக ஒட்டியிருந்தால் காற்றுப் போனாலும் டயர் ரிம்மிலேயே இருக்கும். மெதுவாக ஓட்டி நின்றுகொள்ளலாம். நல்ல பருத்தி உறை கொண்ட டயரில் ஓட்டும் சுகம் தனி. அந்தச் சுகத்துக்காகத்தான் நான் இன்னும் விடாமல் இருக்கிறேன், மற்றக் காரணங்களெல்லாம் வீட்டில் சொல்வதற்கு.

எது பிடித்து வைக்கிறது?

டயர் உறையின் நூல்கள் நீளவாக்கில் ஓடுவதில்லை. குறுக்கே சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில் ஓடுகின்றன. காற்று ஏறும்போது உறை பருக்கிறது, பருக்கும்போது நீளம் சுருங்கப் பார்க்கிறது. நனைந்த கயிறு இறுகுவது போல டயர் ரிம்மைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. அதனால் 115 பிஎஸ்ஐ காற்றோடு இருக்கும் டயரைப் பசை இல்லாவிட்டாலும் கையால் அசைப்பது கடினம். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். காற்று நிறைந்த டயரை ஆட்டிப் பார்த்துவிட்டு, பசை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்கிறார்கள்.

காற்றுப் போனால் அந்த இறுக்கம் போய்விடும். பிறகு பசை மட்டும்தான். சைக்ளோகிராஸில் 25, 30 பிஎஸ்ஐயில் ஓட்டுவதால் இறுக்கம் எப்போதுமே குறைவு. அவர்கள் பசைப் படலங்களுக்கு நடுவில் பெல்ஜியன் டேப் என்ற துணி நாடாவையும் வைத்து ஒட்டுவது அதனால்தான். சாலைக்கு அது வேண்டாம்.

இன்னொன்று. டயர் கழல்வது எப்போதும் ஓரத்தில் தொடங்கும். வளைவில் பக்கவாட்டில் விசை வரும்போது வாய்க்காலின் ஒரு கரையிலிருந்து துணிப்பட்டை மெல்ல உரியத் தொடங்குகிறது. ஒரு விரற்கடை உரிந்தால் மீதி தானே வந்துவிடும். வாய்க்காலின் நடுவில் கொழகொழவென்று பசையை நிரப்பிவிட்டு ஓரத்தை விட்டுவிடுகிறவர்கள் வீட்டுக்குச் சுவரைக் கட்டிவிட்டுக் கதவை மறந்தவர்கள்.

வாங்க வேண்டியவை

முதலில் பசை. டியூபுலருக்கென்றே செய்த பசைதான் வேண்டும். விட்டோரியாவின் மாஸ்டிக் ஒன் அலுமினியம், கார்பன் இரண்டு ரிம்முக்கும் போடலாம். கான்டினென்டல் அலுமினிய ரிம்முக்கு ஒன்று, கார்பன் ரிம்முக்கு வேறொன்று என்று தனித்தனியாக விற்கிறது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். 30 கிராம் டியூப் ஒரு சக்கரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்காதீர்கள்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் போடலாமா, செருப்புக்கு ஒட்டும் பசையைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சொல்யூஷன் பஞ்சர் ஒட்டுக்கும் டியூபுக்கும் ஏற்பட்டது. உலோகத்தில் அது நிற்காது. செருப்புப் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், டயரை நேராக்க நேரம் கொடுக்காது. பல் குத்த இரும்புக் கம்பி எடுத்த கதையாகிவிடும்.

இருபுறமும் ஒட்டும் டேப்பும் இப்போது கிடைக்கிறது. டுஃபோ, கரோன்யா இரண்டும் பெயர் பெற்றவை. கை அழுக்காகாது, ஒரே நாளில் வேலை முடியும். பத்திரமாக ஒட்டினால் தாங்கும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிம்மின் குழிவும் டயரின் அகலமும் டேப்புக்குப் பொருந்தாவிட்டால் ஓரத்தில் இடைவெளி விழும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பசையை இடத்துக்கு ஏற்றபடி தடவலாம். இந்த நூலில் பசையைத்தான் சொல்லித்தருகிறேன்.

மற்றவை: அரை அங்குல அகலத்தில் மலிவான குட்டைமுடித் தூரிகை நாலைந்து. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒன்று, பிறகு குப்பைக்கு. அசிட்டோன் ஒரு பாட்டில், நூல் பிரியாத பழைய பருத்தித் துணி. 120ஆம் எண் உப்புத்தாள். பிரேக் பிடிக்கும் பக்கத்தை மறைக்க மாஸ்கிங் டேப். நைட்ரைல் கையுறை. சைக்கிளின் முன்ஃபோர்க்கைத் தலைகீழாகத் திருப்பிவைத்தால் சக்கரம் சுற்றும் குதிரை ஆகிவிடும். தனியாக ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இந்தப் பசையும் அசிட்டோனும் பற்றி எரியக்கூடியவை. ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கேயோ இருக்கும் நெருப்பைத் தொட்டுக்கொண்டு திரும்பும். சமையலறைக்கு அருகில் வேண்டாம். மாலை என்பதால் சொல்கிறேன், விளக்கேற்றி ஊதுவத்தி வைக்கும் அறைக்கு அடுத்த அறையும் வேண்டாம். மொட்டைமாடி அல்லது காற்றோட்டமான பால்கனி. குழந்தைகளை அனுப்பிவிடுங்கள்.

முதல் மாலை: உலர் டயர்

பசையைத் திறக்கவே வேண்டாம். வெறும் ரிம்மில் டயரை ஏற்றுங்கள். புது டயர் முரட்டுப் பிள்ளை, இழுத்தால் வராது. சக்கரத்தைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, வால்வ் துளை மேலே இருக்கும்படி வையுங்கள். வால்வைத் துளையில் நுழைத்து, அதன் இரண்டு பக்கமும் டயரைப் பிடித்து, உடம்பு எடையைப் போட்டுக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இரண்டு கையும் ஒரே சமயத்தில் ரிம்மைச் சுற்றி இறங்க வேண்டும். மேலேயே எவ்வளவு இழுவை கொடுக்கிறீர்களோ அவ்வளவு கீழே மிச்சம் கிடைக்கும். கடைசிக் கால்வட்டம் வரும்போது சக்கரத்தைத் தூக்கி வயிற்றோடு அணைத்து, கட்டைவிரல்களால் மீதியை ரிம்முக்கு மேல் உருட்டி ஏற்றுங்கள். இரும்பு நெம்புகோல் எடுக்காதீர்கள், உறையைக் கிழித்துவிடும்.

ஏறியதும் 100 பிஎஸ்ஐ அளவு காற்றடித்து மறுநாள் வரை விடுங்கள். டயர் நீண்டு கொடுக்கும். இந்த ஒத்திகை உங்கள் கைக்கும் தேவை. பசை இல்லாதபோது இரண்டு முறை ஏற்றி இறக்கியவர் பசை வழியும்போது தடுமாற மாட்டார். காற்று இறங்குகிறதா, ரப்பர் பாம்பாக நெளிகிறதா என்றும் இப்போதே பார்த்துவிடலாம். ஒட்டிய பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை, ஒட்டிய டயரைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

ஆழமான ரிம்மாக இருந்தால் வால்வ் நீட்டிப்பு எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளந்துகொள்வதும் இன்றைய வேலை.

இரண்டாம் மாலை: துடைப்பது, முதல் பூச்சு

டயரைக் கழற்றி, ரிம்மின் வாய்க்காலை அசிட்டோன் துணியால் துடையுங்கள். துணி கறுப்பாக வரும், அடுத்த துணி. மூன்றாவதோ நான்காவதோ வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். புது அலுமினிய ரிம்மில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், பழையதில் எந்தக் காலத்துப் பசையோ இருக்கும். புது ரிம்மை உப்புத்தாளால் மினுமினுப்பு போகுமளவு லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி துடையுங்கள். கார்பனில் உப்புத்தாள் வேண்டாம், அசிட்டோனையும் ஊறவிடாமல் துடைத்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

துடைத்த இடத்தில் விரல் படக் கூடாது. பலாப்பழம் அரியும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். பிசின் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்வோமே, அந்த எண்ணெய்தான் இங்கே எதிரி. உங்கள் விரலின் இயற்கையான எண்ணெயே போதும், ஒரு கைரேகை அளவு இடத்தில் பசை பிடிக்காமல் செய்ய. நேர்மாறாக, வேலை முடிந்து கையில் ஒட்டிய பசையை எடுக்கத் தேங்காய் எண்ணெயைப் போல ஒன்றும் இல்லை. அதை வேறு அறையில் செய்யுங்கள்.

பழைய பசை இருந்தால் எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும் என்பதில்லை. மெல்லியதாக, சமமாக, விரல் நகத்தால் குத்தினால் கொஞ்சம் கொடுத்து மீள்கிறது என்றால் அது நல்ல அடித்தளம், அதன்மேலேயே பூசலாம். கட்டிகட்டியாக, காய்ந்த வேப்பம்பிசின் மாதிரி நொறுங்கினால் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்.

இப்போது டேப் ஒட்டி ரிம்மின் பக்கங்களை மறையுங்கள். ஃபோர்க்கில் மாட்டிச் சுற்றிக்கொண்டே பசையை நடுவில் கோடாக இட்டு, தூரிகையால் இரண்டு ஓரமும் மூடும்படி மெல்லிய படலமாகத் தடவுங்கள். அடியில் ரிம் மங்கலாகத் தெரிய வேண்டும். தோசை மாவு ஊற்றுகிற தடிமன் வேண்டாம், ரவா தோசையில் எண்ணெய் விடுகிற கை வேண்டும். தடித்த பூச்சு மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம்தான் பின்னால் வளைவில் வழுக்கும்.

டயருக்கும் இதே மாலையில் ஒரு பூச்சு. உருவம் வருமளவு மட்டும் காற்றடித்தால் டயர் தானாகப் புரண்டு துணிப்பட்டை வெளிப்பக்கம் வந்து நிற்கும், தடவ வசதி. சில டயர்களின் பட்டையில் ரப்பர் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டலாமா என்பதற்குத் தயாரிப்பாளர் தாளில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் பதில். துணி பசையைக் குடிக்கும்; குடிக்கட்டும். தையலுக்கு மேலே மட்டும் தடவிவிட்டு நிறுத்தாதீர்கள், பட்டையின் இரு விளிம்பு வரை போங்கள். வால்வைச் சுற்றித் தனியாக ஒரு முறை பாருங்கள், நான் பார்க்காமல் விட்ட இடம் அது.

இரண்டையும் தூசி படாத இடத்தில் தொங்கவிட்டு மறுநாள் வரை மறந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் பசை சீக்கிரம் மேற்பூச்சாகக் காயும். காய்ந்துவிட்டதே என்று அவசரப்பட வேண்டாம், உள்ளே காய அதே நேரம்தான் எடுக்கும். ஐப்பசி மழையில் இன்னொரு நாள் கூடுதலாக விடுவது என் வழக்கம்.

மூன்றாம் மாலை

ரிம்முக்கு இரண்டாவது பூச்சு. டயர் முதல் பூச்சை முழுக்கக் குடித்து வறண்டு தெரிந்தால் அதற்கும் ஒன்று. அவ்வளவுதான். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் காலின் ஹோவாட் டியூபுலர் பசைகளின் பிடிமானத்தை ஆண்டுக்கணக்கில் இழுவைச் சோதனை செய்து பார்த்தவர். டயர், ரிம் இரண்டுக்கும் பல படலமாகப் பூச வேண்டும் என்பது அவர் வழி. ஒரே தடவையில் தடிமனாகப் பூசுவதற்கும் மூன்று மெல்லிய படலத்துக்கும் பார்க்க வித்தியாசம் தெரியாது. பிடிப்பில் தெரியும்.

நான்காம் மாலை: ஏற்றுவது

தரையில் பழைய நாளிதழை விரியுங்கள். துணை ஒருவர் இருந்தால் நல்லது; பேசாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ரிம்முக்குக் கடைசிப் பூச்சைப் போடுங்கள். வால்வுக்கு நேர் எதிரே கடைசியில் டயர் உருண்டு ஏறும் இடத்தில், பிடித்து ஏற்றும்போது பசை வழித்துப் போகும் என்பதால், ஓரத்தில் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.

பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு அடுத்த இடம் சுலபம். கையுறை போட்ட விரலின் பின்பக்கத்தால் தொட்டு எடுங்கள். தண்ணீராக ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஈரம், டயர் வழுக்கும். மெல்லிய இழையாக இழுபட்டால் அதுதான் கம்பிப் பதம், ஏற்றுங்கள். ஒட்டாமல் வழுவழுப்பாக இருந்தால் நேரம் தப்பிவிட்டது, டயரை நேராக்க முடியாது; இன்னொரு மெல்லிய பூச்சு போட வேண்டும். எத்தனை நிமிடம் என்பது பசைக்குப் பசை மாறும், டப்பாவில் எழுதியிருப்பதே சட்டம். ஆனால் அந்தக் கணக்கு ஐரோப்பியக் கொட்டகைக்கானது. மே மாதத்துச் சென்னை மாடியில் அதைவிடக் குறைவான நேரமே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றைக் கொஞ்சமாக, உருவம் நிற்குமளவு மட்டும் வைத்துக்கொண்டு, முதல் மாலையில் பழகியபடியே ஏற்றுங்கள். வால்வ் நேராக, ஸ்போக்குகளைப் போல மையத்தைப் பார்த்து நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் இப்போதே திருத்துங்கள். கடைசியில் உருட்டி ஏற்றும் இடத்தில் ரப்பரிலும் பக்கத்திலும் பசை படும். கவலைப்படாதீர்கள், எல்லோருக்கும் படும். படாமல் ஒட்டினேன் என்று சொல்கிறவரிடம் டயர் ஒட்டக் கொடுக்காதீர்கள்.

இனி நேராக்குவது. ஃபோர்க்கில் மாட்டிச் சுற்றிவிட்டு முன்னால் நின்று பாருங்கள். ரப்பர் இடம் வலமாக ஆடினால் ஆடும் இடத்தில் நிறுத்தி, டயரைத் தூக்கித் திருப்பி விடுங்கள். ரப்பர் கோட்டைவிட நம்பகமானது துணிப்பட்டை. ரிம்மின் இருபுறமும் பட்டை ஒரே அளவு எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். கையால் தைத்துச் செய்த டயர்களில் ரப்பரே கொஞ்சம் கோணலாக இருப்பது உண்டு. அதை நேராக்கப் போய்ப் பட்டையைக் கோணலாக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும், ஓட்டத்தில் தெரியாது.

திருப்தியானதும் ஓட்டும் அளவுக்குக் காற்றடியுங்கள். சக்கரத்தின் அச்சின் இரு முனையையும் பிடித்து, உடம்பு எடையைப் போட்டுத் தரையில் அழுத்தி உருட்டுங்கள். இப்படியும் அப்படியும் சாய்த்து ஓரங்களையும் அழுத்துங்கள். பட்டை வாய்க்காலின் மேடு பள்ளத்தோடு படிந்து உட்காரும். டேப்பை உரித்து, பிரேக் பிடிக்கும் பக்கத்தை அசிட்டோன் துணியால் துடையுங்கள்; துணி டயரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு குறைந்தது 24 மணி நேரம். அன்றிரவே ஒரு சுற்று போய்வரலாமே என்று தோன்றும்.

கட்டைவிரல் தேர்வு

மறுநாள் காற்றை முழுக்க இறக்குங்கள். கட்டைவிரல்களை டயரின் ஒரு பக்கத்தில் வைத்து, பட்டையை ரிம்மிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு தள்ளுங்கள். ஒரு சாண் தள்ளி மறுபடி. இரு பக்கமும், சுற்று முழுக்க. நல்ல ஒட்டில் விரல்தான் வலிக்கும். ஓரம் எங்கேயாவது வாய் திறந்து இருட்டுக் கீற்று தெரிந்தால் அந்த இடத்தை உரித்து, பசை போட்டு, காயவிட்டு, மறுபடி தேர்வு. இந்தத் தேர்வை ஒட்டிய மறுநாள் ஒருமுறை செய்து முடிப்பதோடு விடாதீர்கள். மாதம் ஒருமுறை, நீண்ட வெயிலில் நின்ற பிறகு, மலை இறங்கப் போவதற்கு முன்பு.

மலை என்று சொன்னதால் ஒரு வார்த்தை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறும், பசை இளகும். இது பழைய பயம். மரத்தில் ரிம் செய்த காலத்தில் சூடு பசைக்கு அவ்வளவாக ஏறாது. 1934இல் ஆந்தோனின் மாஞ் மாவிக் நிறுவனத்தின் அலுமினியக் கலவை ரிம்மில், அது மரம் போலத் தெரியும்படி வண்ணம் பூசி மறைத்து, டூர் டி பிரான்ஸை வென்றார். அடுத்த ஆண்டே கலிபியே மலை இறக்கத்தில் விழுந்த ஸ்பெயின் வீரர் பிரான்சிஸ்கோ செபேடா இறந்துபோனார். புது ரிம் சூடேறி டயர் கழன்றதுதான் காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. கொடைக்கானலிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ இறங்குகிறவர் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. அழுத்தமாகப் பிடித்து, விட்டு, காற்றுப் பட விடுங்கள். இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கண்ணாடி மூடிய காருக்குள் வெயிலில் சக்கரத்தை விட்டுப் போவது மட்டும் அவர்களுக்கும் ஆகாது.

வழியில் பஞ்சர்

உதிரி டயர் எடுத்துப் போகிறவர்கள் அதற்கு முன்பே ஒரு பூச்சு போட்டுக் காயவைத்து, பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். பழைய படங்களில் டூர் வீரர்கள் டயரை எட்டுப் போலத் திருகித் தோளில் மாலையாகப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; உதிரி அதுதான். வழியில் மாற்றிய டயரைப் பிடித்திருப்பது ரிம்மில் இருக்கும் பழைய பசையும் காற்றின் இறுக்கமும் மட்டுமே. வீடு வரை நேராக, மெதுவாக வாருங்கள். வளைவில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி, முறையாக ஒட்டுங்கள். சின்ன ஓட்டைக்கு வால்வ் வழியாக ஊற்றும் சீலன்ட் உதவும்; அதற்கு வால்வின் உள்கோர் கழலும் வகையாக இருக்க வேண்டும்.

டயரை வாங்கிப் பரணில் பல ஆண்டு வைத்தால் பக்குவப்படும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஐரோப்பாவின் பழைய மெக்கானிக்குகள் குளிர்ந்த இருட்டு நிலவறையில் அப்படி வைத்தார்கள். நம் வீட்டுப் பரணில் வைத்தால் டயர் பக்குவப்படாது, ரப்பர் வெடித்துப் பாளம்பாளமாகப் போகும். தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

கழற்றும் நாள்

தேய்ந்த டயரைக் கழற்றுவதுதான் உங்கள் வேலைக்குக் கிடைக்கும் மதிப்பெண் சீட்டு. வால்வுக்கு நேர் எதிரே தொடங்குங்கள். இரண்டு கட்டைவிரலாலும் ஒரு ஓரத்தைத் தள்ளி, மழுங்கிய பிளாஸ்டிக் நெம்புகோல் நுழையுமளவு வழி செய்துகொள்ளுங்கள். பிறகு உரித்துக்கொண்டே போகலாம். ரிம்முக்கும் துணிக்கும் நடுவில் பசை நூல்நூலாக இழுபட்டு, படபடவென்ற ஓசையோடு பிரிய வேண்டும். வியர்த்து, திட்டி, யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டுக் கழற்றினீர்கள் என்றால் நன்றாக ஒட்டியிருக்கிறீர்கள். அந்த அடித்தளத்தின்மேல் மெல்லிய ஒரு பூச்சோடு அடுத்த டயரை ஏற்றலாம். இழுத்ததும் கையோடு வந்துவிட்டால், இத்தனை நாளும் விழாதது உங்கள் அதிர்ஷ்டம். ரிம்மைச் சுத்தமாகச் சுரண்டி, முதல் மாலையிலிருந்து தொடங்குங்கள்.